எந்த நாடுங்க?

கொல்லிமலை
17.9.2023

அன்புள்ள அப்பாவுக்கு வதனி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் மருமகனும் அத்தையும் சுகம். மழை விட்டபாடில்லை, அடுப்புக்கு மேலே காயப்போட்ட துணிகூட ஈரமாகவே இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? ஷெல் விழுந்து கெட்ட காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னேனே, வைத்தீர்களா? வைத்திருக்க மாட்டீர்கள். வைத்திருந்தால் போனிலேயே சண்டை போட்டிருப்பேன், இப்படிப் பேனா பிடித்திருக்க மாட்டேன்.

ஒரு சேதி. வருகிற பிப்ரவரியில் செம்மேட்டுத் திடலில் ஒரு விழா நடத்தப் போகிறோம். கோயில் நோம்பி இல்லை, சர்க்கார் விழாவும் இல்லை. இந்த மலையில் பிழைக்கிற எல்லாச் சனமும் அவரவர் சோற்றையும் பாட்டையும் கொண்டுவந்து ஒன்றாகக் கூடுவது. பலசன விழா என்று பெயர் வைத்திருக்கிறோம். மலைக்காரர்கள், கீழேயிருந்து வேலைக்கு வந்தவர்கள், ரோடு போட வந்த ஜார்க்கண்ட் ஆட்கள், மாதா கோயில் பாட்டுக்குழு எல்லாரும் உண்டு. ஆரம்பித்து வைத்தது ஸ்டெல்லா அக்கா. நாகர்கோவில்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாருக்கும் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் நிறைய உண்டு. கூட்டத்துக்குப் பிந்தி வந்தேன் என்று என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள்.

நம் முகாம் சனத்தையும் ஒரு குழுவாகக் கூப்பிட்டிருக்கிறேன். நீங்கள் அவர்களுக்கு முன்னால் நடந்து வரவேண்டும். நிச்சயத்துக்கு ஒருதரம் இந்த வீட்டுக்கு வந்தீர்கள், அதோடு சரி. கல்யாணத்தைக்கூடக் கீழே நாமக்கல்லில் வைக்கச் சொன்னீர்கள். மூன்று வருஷமாக மகள் வீட்டு வாசலை மிதிக்காத அப்பா உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். நான் என்ன தப்புச் செய்தேன் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மகள்,
வதனி


மறுவாழ்வு முகாம்
நாமக்கல் மாவட்டம்
9.10.2023

அன்பு மகள் வதனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாயிருக்கத் திருக்கேதீச்சரத்தானை வேண்டுகிறேன்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. காதுக்கு மிஷின் வேண்டாம். இந்தக் காது கேட்டதெல்லாம் போதும். ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

விழா நல்ல அலுவல். பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் சொன்னேன், பெண்கள் எல்லாரும் வருவதாகக் கதைக்கிறார்கள். என்னை எதிர்பாராதே. அந்த எழுபது வளைவும் ஏறினால் எனக்குச் சத்தி வரும். முகாம் பதிவில் மாதாமாதம் போடும் கையெழுத்தும் இருக்கிறது.

நீ ஒரு பிழையும் செய்யவில்லை. அந்த வீட்டில் நீ நல்லாயிருந்தால் போதும். எனக்கு அங்கே ஒரு வேலையுமில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு படு.
அப்பா
இராசநாயகம்


கொல்லிமலை
28.10.2023

அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே மூவரும் நலம். உங்கள் கடிதம் கிடைத்து, படித்து, கோபப்பட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு எழுதுகிறேன்.

வளைவு ஏறினால் வாந்தி வரும் என்றால் எலுமிச்சம்பழம் இருக்கிறது. கையெழுத்து மாதத்தில் ஒரு நாள்தான். வேறு சாக்கு இருந்தால் எழுதுங்கள்.

விழா வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. மாதா கோயில் பாட்டுக்குழு நாதஸ்வரத்துக்குப் பிறகு பாடமாட்டோம் என்கிறது, அந்தச் சத்தத்துக்கு அப்புறம் யார் கேட்பார்கள் என்று. ஜார்க்கண்ட் ஆட்கள் ஆடுவோம் என்கிறார்கள். அவர்கள் மேஸ்திரி லீவு தரமாட்டேன் என்கிறார். தண்ணீர்த் தொட்டி தருகிறேன் என்றவர் போனை எடுப்பதில்லை. ஸ்டெல்லா அக்கா இரண்டு தரம் அழுதுவிட்டார், நான் ஒருதரம்.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஊர்வலத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு பெயர்ப்பலகை போகும். பள்ளிக்கூடத்து பிலிப் சார் ஃபிளெக்ஸ் அடிக்கலாம் என்றார். எங்கப்பா பெயிண்டர், முத்து முத்தாக எழுதுவார் என்று நான் வாய் விட்டுவிட்டேன். எழுத வேண்டியவை: திண்ணனூர் நாடு, பைல் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, கீழ்சீமை ஊழியர்கள், ஜார்க்கண்ட். மற்றவற்றைப் பிறகு சொல்கிறேன்.

நம் சனத்துக்கு என்ன எழுதுவது என்று கமிட்டியில் கேட்டார்கள். முகாம் என்று போடலாமே என்றார் பிலிப் சார். நல்ல மனுஷர், வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அப்பா முடிவு பண்ணுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
வதனி


மறுவாழ்வு முகாம்
14.11.2023

அன்பு மகளுக்கு, நான் சுகம். உங்கள் சுகத்தையே நாடுகிறேன்.

பலகைகளை எழுதித் தருகிறேன். ஃபிளெக்ஸ் வேண்டாம், மழை பட்டால் மை இறங்கும். ஒட்டுப்பலகை வாங்கி வெள்ளை அடித்துக் காயவைத்திருக்கிறேன். எனாமலில் எழுதினால் பத்து வருஷம் நிற்கும்.

ஒரு சந்தேகம். ஊர்ப்பெயருக்குப் பின்னால் எல்லாம் நாடு, நாடு என்று எழுதியிருக்கிறாய். ஒரு மலைக்குள் இத்தனை நாடோ? எங்கள் பக்கம் ஒரு நாட்டுக்காக எத்தனை சனம் செத்தது. பகிடிக்குக் கேட்கவில்லை பிள்ளை, விளங்காமல் கேட்கிறேன். உன் கைப்பிழை என்றால் இப்போதே சொல்லு. எனாமல் காய்ந்தபின் அழிக்க ஏலாது.

நம் ஆட்களின் பலகையை யோசித்து எழுதுகிறேன்.
அப்பா


கொல்லிமலை
26.11.2023

அன்புள்ள அப்பா, நலம், நலமறிய ஆவல். அத்தை காப்பிப் பழம் பறிக்கப் போய் வழுக்கி விழுந்து கை வீங்கியிருக்கிறது. அப்படியும் சும்மா இருக்கிறாரா என்றால் இல்லை.

உங்கள் சந்தேகத்தைப் படித்துவிட்டு நானும் உங்கள் மருமகனும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இங்கே நாடு என்றால் தேசம் இல்லையப்பா. பத்துப் பதினைந்து சிற்றூர் சேர்ந்தால் ஒரு நாடு, எங்களுடையது திண்ணனூர் நாடு. பொங்கல் வைப்பது, வழக்குத் தீர்ப்பது, பெண் கொடுப்பது எல்லாம் நாட்டுக் கணக்குத்தான். புது ஆளைக் கண்டால் முதல் கேள்வியே "நீங்க எந்த நாடுங்க?" என்பதுதான். கீழே எந்த ஊர் என்று கேட்பதுபோல. தண்ணீர்ச் செம்பை நீட்டும்போதே கேட்டுவிடுவார்கள்.

ஸ்டெல்லா அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று மருந்து வாங்க வந்த ஓர் அம்மா இப்படிக் கேட்க, இவர் நிமிர்ந்து நின்று "இந்தியா" என்றாராம். ஆஸ்பத்திரி வராந்தாவே சிரித்ததாம். இன்றைக்கும் சிலபேருக்கு அவர் இந்தியாக்காதான்.

அதனால் நான் எழுதியது பிழையில்லை. தைரியமாக எனாமல் அடியுங்கள்.

உங்கள் மகள்,
வதனி


கொல்லிமலை
29.12.2023

அப்பாவுக்கு, இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்பதுதான் தெரியவில்லை. ஒரு மாதமாகப் பதில் இல்லை. பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன். நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார் என்றார், வேறு என்ன கேட்டாலும் பேச்சை மாற்றுகிறார்.

நான் சிரித்தேன் என்று எழுதியதில் கோபமா? உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை அப்பா. பலகை எழுத நேரமில்லை என்றால் விடுங்கள், ஃபிளெக்ஸ் அடித்துக்கொள்கிறோம். எனக்குப் பலகை முக்கியமில்லை.

பந்தல்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். மேஸ்திரியிடம் ஸ்டெல்லா அக்காவே போய் நின்று ஒருநாள் லீவு வாங்கிவிட்டார். பைல் நாட்டாருக்கும் வளப்பூர் நாட்டாருக்கும் யார் முன்னால் போவது என்று தகராறு. ஆட்களைக் கலந்து இரண்டு வரிசையாக விடலாம் என்று நான் சொல்லி ஓய்ந்தது. எல்லாருக்கும் வழி சொல்கிற எனக்கு என் அப்பனை வரவைக்க வழி தெரியவில்லை.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.
வதனி


மறுவாழ்வு முகாம்
6.1.2024

என் அன்பு மகளுக்கு, நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் மாமியாரின் கை வீக்கம் வற்றியதா? நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொல்லு.

உன் மேல் கோபமில்லை. இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இருந்தேன். சில அலுவல்களும் இருந்தன.

நிச்சயத்தன்று அந்த வீட்டு வாசலில் உன் மாமியார் எனக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டி, "நீங்க எந்த நாடுங்க?" என்று கேட்டார். இலங்கை என்றேன். "அது தெரியுமுங்க. எந்த நாடுன்னு கேட்டேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அகதி என்று எழுதிய அட்டையோடு முப்பது வருஷமாய்த் திரிகிறவனைப் பார்த்து, உனக்கென்று எது நாடு என்று கேட்கிறார்கள் என நினைத்தேன். குடிக்காமல் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். உன்னிடம் சொன்னால் போய்ச் சண்டை பிடிப்பாய், பிறகு அதே வீட்டில்தான் நீ வாழவேண்டும். அதனால் சொல்லவில்லை. அந்த வாசலுக்கு வர மட்டும் என்னால் முடியவில்லை.

நாடு என்றால் என்னவென்று நீ எழுதிய கடிதம் வந்தபோது திண்ணனூர் நாடு என்ற பலகையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். தூரிகையைக் கழுவாமல் விட்டதில் அது காய்ந்துபோயிற்று.

மூன்று வருஷம் வதனி. ஒரு நல்ல மனுஷி ஊர் கேட்டதற்கு நான் மூன்று வருஷம் முகம் திருப்பியிருக்கிறேன். நீ வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேள்.

பலகைகள் முடிந்தன. காரவள்ளி வரை நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை உன் புருஷனை வண்டியோடு இறங்கி வரச் சொல்லு. விழாவுக்கு வரப் பார்க்கிறேன்.

அப்பா


கொல்லிமலை
19.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு, நாங்கள் சுகம். அத்தை கையும் தேவலை. பொங்கலுக்கு உங்களுக்கும் ஓர் இலை போட்டோம்.

உங்கள் கடிதத்தை முதலில் நான் மட்டும் படித்து அழுதேன். பிறகு அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மிளகு உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அப்புறம் சொன்னார்: "எந்த ஊடு, எந்த நாடுன்னு தெரிஞ்சாத்தான சாமி மொறை வெச்சுக் கூப்புட முடியும்? அதுக்குத்தான் கேட்டேன். அவுங்க தண்ணியக் குடிக்காமத் திருப்பிக் குடுத்தாங்க. மலைக்காரங்க தண்ணி ஆவாதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். நானும் அன்னிலிருந்து மனசுல வெச்சிருந்தேன்."

பாருங்கள் அப்பா, இரண்டு பேரும் ஒரே செம்பை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் முறைத்திருக்கிறீர்கள். நடுவில் நான் ஒரு முட்டாள். அத்தை அன்று ராத்திரிச் சோறு தின்னவில்லை. வெளி அறையை மெழுகி, புதுப் பாய் வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த அறை இனி உங்களுக்குத்தானாம்.

பலகைகள் பிரமாதம். பிலிப் சார் எழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார். நம் சனத்துப் பலகையில் மன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தோன்றவே இல்லை. முகாமில் பிறந்தவளுக்கு எப்படித் தோன்றும்?

ஒரு வருத்தம். காரவள்ளி வரை வந்துவிட்டு ஏன் திரும்பிப் போனீர்கள்? மேலே வாங்க மாமா என்று அவர் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறார். சாயங்காலம் முகாமில் இருக்கவேண்டும் என்றீர்களாம். அவர் கையைப் பிடித்த நீங்கள் வெகுநேரம் விடவில்லையாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு இவர் அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி இருந்தார்.

விழா பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முகாமை விட்டு வர அனுமதிக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். இனி ஒரு சாக்கும் செல்லாது.

வழி பார்த்திருக்கும்,
வதனி


மறுவாழ்வு முகாம்
4.2.2024

அன்பு மகளுக்கு, நான் சுகம். நீ சாப்பிடாமல் விழா வேலை பார்ப்பாய் என்று தெரியும். சாப்பிடு.

விழாவை வடிவாக நடத்து. ஊர்வலத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு ஒருவரையும் வெயிலில் நிறுத்தி வைக்காதே. பெயர்ப்பலகையைக் காற்றுக்கு எதிராய்ப் பிடிக்கக்கூடாது என்று தூக்குகிறவர்களிடம் சொல்லு.

உன் அம்மாவின் படத்தைப் பாக்கியத்திடம் கொடுத்துவிடுகிறேன். இனி அது உன்னிடம் இருக்கட்டும். இங்கே கரையான் வருகிறது.

உன் மாமியாருக்கு என் வணக்கம். அந்தத் தண்ணீரை நான் குடித்திருக்க வேண்டும். உன் புருஷன் தங்கமான பிள்ளை. அவரோடு சண்டை பிடிக்காதே.

என்றும் உன் அப்பா


மன்னார்
3.3.2024

என் அன்பு மகள் வதனிக்கு, நான் சுகமாய் வந்து சேர்ந்தேன். நீ சுகமா என்று கேட்கிற தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பாக்கியம் விழாவன்று உனக்குச் சொல்லியிருப்பாள். அதுவரை வாயைத் திறக்கவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். முன்னமே தெரிந்தால் நீ விழாவைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். உன்னை நம்பி அத்தனை சனம் நின்றது.

ஊருக்குத் திரும்புகிறேன் என்று மனுக் கொடுத்தது உன் நிச்சயம் முடிந்த அந்த மாதத்தில். பிள்ளையைக் கரைசேர்த்தாயிற்று, அவள் வீட்டிலும் எனக்கு மதிப்பில்லை, சாவதை எங்கள் மண்ணில் சாவோம் என்று கொடுத்தேன். பிறகு ஒன்றும் நடக்காததால் மறந்துபோனேன். டிசம்பரில் அனுமதி வந்துவிட்டது, நாடு பற்றிய உன் கடிதம் வந்து ஒரு கிழமை கழித்து. ஆபீசுக்குப் போய், நான் போகவில்லை, ரத்துச் செய்யுங்கள் என்று கேட்டேன். முகாம் பதிவில் என் பெயரை வெட்டியாயிற்று, பிளேன் ஏறும்வரைதான் இருக்கலாம், வீட்டை வேறு குடும்பத்துக்கு எழுதியாயிற்று. பெயர் இல்லாத ஆளை எங்கே வைப்பது ஐயா என்று அந்த உத்தியோகத்தர் இரக்கத்தோடுதான் சொன்னார்.

காரவள்ளியில் உன் புருஷன் வண்டியில் ஒரு கால் வைத்துவிட்டேன். ஏறினால் இறங்கமாட்டேன் என்று தெரிந்தது. அனுமதியில்லாதவனை ஒளித்து வைத்ததாய் உங்கள் மேல் வழக்கு வரும். அதனால் காலை எடுத்துவிட்டேன்.

இங்கே நம் காணி பற்றை மண்டிக் காடாய்க் கிடக்கிறது. மாமி மகன் வீட்டில் இருக்கிறேன். தெருவில் விளையாடும் பெடியள் என்னை இந்தியாக்காரர் என்கிறார்கள். பதிவுக்கு வந்த அலுவலர், பிள்ளைகள் எந்த நாட்டில் என்று கேட்டார். திண்ணனூர் நாடு என்றேன். அப்படி ஒரு நாடு இருக்கிறதோ என்று சிரித்தார். இருக்கிறது, என் பிள்ளை அங்கே இருக்கிறாள் என்றேன்.

அழாதே.
அப்பா


கொல்லிமலை
29.3.2024

அப்பா,

நலம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்கிறேன். சுகமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? முழங்காலுக்கு யார் எண்ணெய் தேய்க்கிறார்கள்? இங்கே யாரும் சுகமாக இல்லை.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். நிச்சயத்தன்றே கேட்டிருக்கலாம். நாடு என்றால் என்ன பிள்ளை என்று கேட்டிருந்தால் அந்த வாசலிலேயே சொல்லியிருப்பேனே.

விழாவைப் பற்றிச் சொல்கிறேன், பெண் நன்றாக நடத்தினாளா என்று நினைப்பீர்கள். கூட்டம் திடல் கொள்ளவில்லை. முகாம் பஸ் வந்தபோது நான் மைக்கில் குழுக்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா அம்மா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். உங்களைத் தேடி நான் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். வியாழக்கிழமையே பிளேன் ஏறிட்டார் பிள்ளை என்றார். மைக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. என் அழுகையைத் திடலே கேட்டது. ஸ்டெல்லா அக்கா வந்து மைக்கை வாங்கினார்.

மன்னார் பலகையை எடுக்க முகாம் சனத்தில் யாருக்கும் கை வரவில்லை. அத்தைதான் வந்து தூக்கிக்கொண்டார். திண்ணனூர் நாட்டு ஆட்கள் நம்ம பக்கம் வா என்று கூப்பிட்டார்கள். "நான் இவுங்களோட வாரேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கை வலி அவருக்கு இன்னும் தீரவில்லை.

நீங்கள் இனி இங்கே வர எந்தக் காலத்தில் விசா தருவார்களோ தெரியாது. நான் அங்கே வர எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. தாலி கட்டினாலும் மலையில் குடியிருந்தாலும் நான் முகாமில் பிறந்தவள்தானாம். கேட்டுப் பார்த்துவிட்டோம்.

அத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. போன வாரம் இவரோடு சேலத்துக்குப் போய், இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தறியாத மனுஷி. எதற்கு அத்தை என்றேன். "எந்த நாடுன்னு கேட்டது நானு. நாந்தான் போயிச் சொல்லோணும்" என்கிறார். ஒரு டின்னில் மிளகு கட்டி வைத்திருக்கிறார்.

அவர்கள் இரண்டு பேரும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் பெற்ற மகள் நான் மட்டும் வரமாட்டேன். அத்தைக்குச் சோறு போடுங்கள், மூன்று தரம் கேட்டால்தான் வாங்கிக்கொள்வார். திரும்பும்போது உங்கள் சட்டை ஒன்றை இவரிடம் கொடுத்துவிடுங்கள். பெயிண்ட் அடிக்கப் போகும்போது போடுகிற சட்டை.

துவைக்காமல் கொடுங்கள்.

வதனி